அறுபத்தாறரை அங்குலம்

ஆகஸ்ட் 3, வியாழன்
வலி: 7. உயரம்: 47.

இந்த இரண்டு எண்களை மட்டும் தினமும் எழுதச் சொல்லித்தான் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா இந்த நோட்டைக் கொடுத்தார். பத்துக்கு எத்தனை வலி, சுவரில் வலது கை விரல்கள் எத்தனை அங்குலம் ஏறின. ஒரு நாளைக்கு ஒரு வரி போதுமாம். நான் எழுத்தாளர் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். ஒன்பது வருடமாக எதுவும் எழுதாத எழுத்தாளர் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியாது.

எனக்கு வந்திருப்பது ஃப்ரோஸன் ஷோல்டர். தோள் இறுகிப்போய், கை மேலேயும் பின்னாலேயும் போகாது. டாக்டர் பெயரைச் சொன்னதும் வலியை மறந்து, 'உறைந்த தோள்', தொகுப்புக்கு நல்ல தலைப்பு என்று நினைத்தேன். "என்ன காரணம் டாக்டர்?" என்று கேட்டேன். "நாப்பதுக்கு மேல பொம்பளைங்களுக்கு வரும். காரணம்னு ஒண்ணும் கிடையாது" என்றார். காரணம் இல்லாத நோயை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது?

ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. துன்பம்தான் எழுத்தின் ஊற்றுக்கண் என்று இதுவரை நாற்பத்து மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். இப்போது எனக்கே எனக்கென்று ஒரு துன்பம் வாய்த்திருக்கிறது. அலுவலகத்தில் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பும் கிடைத்திருக்கிறது. ஊற்று வரட்டும், காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி
வலி: 8. உயரம்: 47.

ஊற்று வரவில்லை. தண்ணீர் லாரி வந்தது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு
வலி: 7. உயரம்: 47½.

ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் வந்திருந்தார். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். நான் மூன்று நாளாகத் தலை வாரவில்லை என்பதைக் கண்டுபிடித்து, தானே வாரிவிடுகிறேன் என்று சீப்பை எடுத்தார். இருபது நிமிடம் வாரினார். கண்ணாடியில் பார்த்தேன். புயலில் மாட்டிய தென்னை மரம்.

"நல்லாத்தான இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன். இருபத்து மூன்று வருட இல்லற அனுபவம்.

உடம்பில் முழங்கைக்குக் கீழே நான் முழு மனுஷி. எழுதலாம், காய் நறுக்கலாம், போனில் விரல் தேய்க்கலாம். ஜாக்கெட்டில் கை நுழைக்க முடியாது. பின்னல் போட முடியாது. அதனால் நைட்டியும் விரிந்த தலையுமாகத் திரிகிறேன். காலையில் பால் போட வந்தவர் என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

ஆகஸ்ட் 7, திங்கள்
வலி: 7. உயரம்: 48.

பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து தமிழ்த்துறைத் தலைவர் போன் செய்தார். செப்டம்பர் 22, கருத்தரங்கு. தலைப்பு: 'வலியும் படைப்பும்'. "உங்களை விட்டா யாரு மேடம் இதப் பத்திப் பேசுறது! பிள்ளைங்க பாடத்துல உங்க 'ஒரு முழம்' கதையை வாசிச்சுட்டு அழுதுட்டாங்க" என்றார்.

ஒப்புக்கொண்டேன். 'ஒரு முழம்' நான் எழுதியவற்றில் பரிசு வாங்கியது. பாடத்தில் வைத்தது. நான் எழுதியவற்றில் என்பதைவிட, நான் எழுதியது என்றே சொல்லிவிடலாம். மற்றதெல்லாம் பக்கத்தை நிரப்பியவை.

ஆகஸ்ட் 9, புதன்
வலி: 7. உயரம்: 48.

பிரமு வந்தாள்.

காலை ஏழே கால். வாசலில் நின்றாள், கையில் துணிப்பை. செருப்பைக் கழற்றினாள். நேரே கூடத்துக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையிலிருந்து தன் சீப்பை எடுத்தாள். "இங்ஙன உக்காந்தா வாரலாம்" என்றாள், ஸ்டூலைப் பார்த்து.

உட்கார்ந்தேன். நாலு நாள் சிக்கு. ஒரு முடி பிடுங்கவில்லை. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். வாரி முடித்து, பின்னல் போட்டு, சீப்பைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது அவருக்குப் போன் போட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே, "அத்தான், உங்க வீட்டுல தலை வாரியாச்சு. பேன் இல்ல, நிம்மதியா இருங்க" என்றாள்.

அவர்தான் சொல்லியிருக்கிறார். ஓசூரில் இருந்துகொண்டு செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை.

ஆகஸ்ட் 10, வியாழன்
வலி: 6. உயரம்: 49.

மறுபடியும் வந்தாள். அதே ஏழே கால்.

பிரமு என் தங்கை. என்னைவிட ஐந்து வயது சின்னவள். பிரமநாயகி. மூன்று தெரு தள்ளி வீடு. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். பாளையங்கோட்டையில் கை உருளை, அதாவது தோளோடு கை சேரும் வளைவு, சரியாக வைக்கத் தெரிந்தவள் அவள்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தைத்தது கிடையாது. ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அம்மா இறந்தபோதுகூட, "அவங்ககிட்ட எண்ணெய எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டு மாமியிடம்தான் சொன்னாள். நான் மாமியிடம், "எடுத்து வச்சாச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

காரணம் பிறகு எழுதுகிறேன். ஜெசிந்தாவிடம் போக வேண்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்
வலி: 6. உயரம்: 50.

ஜெசிந்தா இரக்கமே இல்லாதவர். "விரல நடத்துங்க மேடம், எறும்பு ஏறுத மாதிரி ஏறட்டும். வலிக்கா? வலிக்கட்டும். வலிச்சாத்தான் ஏறும்."

நாற்பத்து மூன்று மேடைகளில் நான் சொன்னதை இவர் ஒரு வரியில் சொல்கிறார். வித்தியாசம், இவர் சொன்னால் ஏறுகிறது.

பிரமு தன் தையல் டேப் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் செங்குத்தாக ஒட்டிவிட்டாள். "பென்சில் கோடு போட்டா சுவர் கெட்டுப் போகும்" என்று மிக்ஸியிடம் சொன்னாள். டேப் அறுபதில் முடிகிறது. அறுபதுக்கு மேல் நான் ஏறுவேன் என்று அவளுக்கே நம்பிக்கையில்லை போல.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு கதைதான்.

ஆகஸ்ட் 17, வியாழன்
வலி: 6. உயரம்: 51.

இன்று ஆவணி பிறந்தாகிவிட்டது. கல்யாண மாதம். தெருவில் பூக்காரம்மா, பிரமு பின்னலை முடிக்கும் நேரம் பார்த்து வாசலில் கூடையை இறக்கினார். "எவ்ளோ அழகா பின்னிருக்கு! ஒரு முழம் வச்சுவிடும்மா அக்காவுக்கு. இன்னைக்குப் பறிச்ச மல்லி."

பிரமு பின்னலை விட்டுவிட்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து கை கழுவும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழுவினாள். நான் பூக்காரம்மாவிடம், எங்கள் வீட்டில் யாரும் பூ வைப்பதில்லை என்றேன். அவர் என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, குழப்பத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கருத்தரங்கு உரைக்கு இரண்டு வரி எழுதினேன். 'வலி என்பது ஒரு சாளரம்.' அடித்துவிட்டேன். சாளரத்தைத் திறக்கத் தோள் வேண்டும்.

ஆகஸ்ட் 21, திங்கள்
வலி: 5. உயரம்: 52½.

இன்று தலைமுடியைப் பிரித்துக்கொண்டே, "காதுகிட்ட நரைச்சுட்டு" என்றாள். என் காதிடம் சொன்னாள் என்றாலும், செய்தி என் காதைப் பற்றியது என்பதால் பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

"உனக்கு?"

சீப்பு நின்றது. பிறகு, "எனக்கு முந்தியே நரைச்சாச்சு" என்றாள்.

இதை ஓர் உரையாடலாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்
வலி: 5. உயரம்: 53.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் ஜெசிந்தா எண்களை மட்டும்தான் பார்க்கிறார்.

பிரமுவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தரித்தது. எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு யார் சொல்வது? காய்ச்சல். தொட விடமாட்டாள். அம்மா கடைத்தெருவுக்குப் போய் நாலு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். தலைக்கு அல்ல. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று எங்கள் பக்கம் செய்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கட்டிவிட்டாள். நான் உதவிக்கு என்று போனவள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. நின்று பார்த்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து எழுதினேன். ஒரே மூச்சில், மூன்று மணி நேரத்தில். பேனா நிற்கவில்லை. பிரமு பத்திரிகை வாசிப்பதில்லை என்பதால் அவளிடம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. பரிசு வந்தது. ஒரு கல்லூரி பாடத்தில் வைத்தது. அந்தக் கல்லூரியில் பிரமு கணவரின் அண்ணன் மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் புத்தகத்தோடு பிரமு வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறாள்: "சித்தி, உங்க அக்கா எழுதின கதைதான். இதுல மல்லிகை எதன் குறியீடு? பத்து மார்க்."

அன்று சாயங்காலம் பிரமு எனக்குப் போன் செய்தாள். ஒரே ஒரு கேள்வி. "அம்மா சொன்னாளா, நீயே பாத்தியா?"

"நானே பாத்தேன்" என்றேன். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

போன் அணைந்தது. ஒன்பது வருடம்.

இன்னொன்றும் இருக்கிறது. மேடைகளில் 'இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது' என்று நான் சொல்லிவிட்டு நிறுத்துவேன். கூட்டம் முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அது என் வலி இல்லை, எனக்குச் சுகப்பிரசவம், பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான் என்று நான் சொன்னதில்லை. அழுகிறவர்களைக் குறுக்கிட்டு நிறுத்துவது மரியாதையில்லை என்று நினைத்தேன். நாற்பத்து மூன்று முறையும் நினைத்தேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி
வலி: 5. உயரம்: 53.

நேற்று எழுதியதை இன்று வாசித்தேன். நடை நன்றாக இருக்கிறது என்று முதலில் தோன்றியது. திருந்தாத ஜென்மம்.

ஆகஸ்ட் 31, வியாழன்
வலி: 4. உயரம்: 55.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம். "இன்னும் ரெண்டே வாரம் மேடம். நீங்களே தலை வாரிக்கிடலாம், யாரும் வேண்டாம்."

என்னை அழைத்து வந்திருந்த பிரமு அதைக் கேட்டாள். ஆட்டோவில் வரும்போது, "நல்லதாப் போச்சு. மொகூர்த்த சீசன், தைக்கதுக்கே நேரம் பத்தல" என்று வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நல்லதுதான்.

செப்டம்பர் 3, ஞாயிறு
வலி: 5. உயரம்: 55.

செப்டம்பர் 4, திங்கள்
வலி: 5. உயரம்: 55.

முன்னேற்றத்தில் இப்படி ஒரு தேக்கம் வருவது சகஜமாம். இணையத்தில் படித்தேன். உடம்பு தனக்கென்று ஒரு வேகம் வைத்திருக்கிறது, நாம் அவசரப்படக் கூடாது.

பிரமு இன்று தேங்காய்ப்பால் சொதி கொண்டுவந்தாள். அடுப்பின் மேல் வைத்துவிட்டு, "சூடு பண்ணித்தான் திங்கணும்" என்று பொதுவாக அறிவித்தாள்.

செப்டம்பர் 7, வியாழன்
வலி: 5. உயரம்: 54½.

விரல்கள் ஐம்பத்தைந்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டன. ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தார், தோளை அழுத்திப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். "இப்படிக் கீழ வரக் கூடாதே. அடுத்த வியாழக்கிழமையும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்டச் சொல்லி மூட்டுல ஊசி போட வேண்டியதுதான். பெரிய ஊசி."

போட்டால் போடட்டும் என்றேன். தைரியசாலி என்று பாராட்டினார்.

பிரமு கருத்தரங்குக்கு எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கிறாள். கை நுழைக்க வசதியாக அக்குளில் துணி விட்டு. அளவெடுக்கும்போது டேப்பை என் மார்பைச் சுற்றிப் பிடித்தாள். அவள் கையும் நின்றது, நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு அவள் எண்ணைச் சொன்னாள், நான் எழுதினேன். முப்பத்தெட்டு.

செப்டம்பர் 11, திங்கள்
வலி: 5. உயரம்: 55.

இன்று தலை வாரும்போது பிரமு ஏதோ முனகினாள். பாட்டு. அம்மா எங்களுக்குத் தலை வாரும்போது பாடும் பாட்டு, சொல் எதுவும் இல்லாமல் மெட்டு மட்டும். முனகுவது அவளுக்கே தெரியவில்லை. நான் தும்மல் வந்தும் அடக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 13, புதன்
உயரம்: 66½.

இந்த எண்ணை விளக்க வேண்டும்.

காலை ஆறே முக்கால். காப்பிக்குப் பால் வைத்தேன். சுவரில் பிரமுவின் டேப்புக்கு மேலே ஒரு கரப்பான் பூச்சி. சிவப்பு, இரண்டு அங்குலம், மீசை ஆட்டிக்கொண்டு. எனக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அது அந்த நேரம் தூங்கியது. காலிலிருந்து செருப்பைக் கழற்றி வலது கையில் எடுத்து ஓங்கி ஒரு அடி. கச்சிதமான அடி. பூச்சி சுவரோடு சுவராக ஆகிவிட்டது.

திரும்பினால் வாசலில் பிரமு. கையில் தைத்து முடித்த ஜாக்கெட். போட்டுப் பார்க்கக் கொடுப்பதற்காக அரை மணி நேரம் முன்னால் வந்திருக்கிறாள்.

நேரே சமையலறைக்குள் வந்தாள். சுவரில் அப்பியிருந்த பூச்சியைப் பார்த்தாள். டேப் அறுபதோடு முடிந்துவிட்டது. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, டேப் முடிந்த இடத்திலிருந்து பூச்சி வரை வைத்து அளந்தாள். தையல்காரி. ஆத்திரத்திலும் அரை அங்குலம் விடமாட்டாள்.

"அறுபத்தாறரை" என்றாள்.

பிறகு எனக்கு நேரே திரும்பினாள்.

"ஏ செண்பகம்!"

சின்ன வயதில் சண்டை உச்சத்துக்குப் போனால்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் 'யக்கா'. இந்த ஒன்பது வருடத்தில் இரண்டுமே கிடையாது.

"எத்தன நாளா இந்தக் கூத்து?"

"பத்துப் பன்னெண்டு நாள்."

"வேலையெல்லாம் போட்டுட்டு நான் ஓடி ஓடி வாரேன். அந்தம்மா ஊசி போடணுங்கா. நீ என்னன்னா செருப்படி அடிக்க! என்னத்துக்கு? சொல்லு, என்னத்துக்கு?"

சொல்ல ஒரு பதில் இருந்தது. எழுதும்போது வாக்கியம் வாக்கியமாக வருவது வாயில் வரவில்லை. "கரப்பான் பூச்சின்னா எனக்குப் பயம்" என்றேன்.

என்னையே பார்த்தாள். ஜாக்கெட்டை மேஜையில் வைத்தாள். சீப்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். போய்விட்டாள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, அவள் என்னிடம் நேராகப் பேசிவிட்டாள் என்று நினைத்தேன். முட்டாள்தனமாகச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் சீப்பை விட்டுப் போனதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்
வலி: 2. உயரம்: 67.

ஜெசிந்தா சிரித்தார். "ஊசின்னதும் கை பயந்துட்டு பாருங்க."

பிரமு வரவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி
வலி: 2. உயரம்: 67. தலை: நானே. கோணல்.

செப்டம்பர் 16, சனி
வலி: 2. உயரம்: 67½. தலை: நானே.

நேற்றும் இன்றும் மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். பதினொரு பக்கம். ஒரு சீப்பு, ஒரு ஸ்டூல், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் பேசுகிற இரண்டு பெண்கள். பேனா நிற்கவில்லை. அழுதேன், எழுதினேன், அழுதுகொண்டே ஒரு அடைமொழியை அடித்துத் திருத்தினேன்.

ஆக, என் கொள்கை நிரூபணமாகிவிட்டது. துன்பம் எழுத வைக்கிறது. தோள்வலியால் ஆறு வாரத்தில் 'வலி என்பது ஒரு சாளரம்' வந்தது. பிரமு வராத மூன்றே நாளில் பதினொரு பக்கம். ஒன்பது வருடத்தில் நான் எழுதிய நல்ல எழுத்து இதுதான். 'ஒரு முழ'த்தைவிட நல்லது.

அதில் மல்லிகையும் வருகிறது. நாலாவது பக்கத்தில்.

செப்டம்பர் 18, திங்கள்
வலி: 1. உயரம்: 68.

தீபாவளி மலருக்குக் கதை கேட்டு ஒரு பத்திரிகை ஆசிரியர் செய்தி அனுப்பியிருக்கிறார். துறைத்தலைவரும் கேட்டார், "கருத்தரங்குல புதுசா ஏதாவது வாசிக்கலாமே மேடம்?"

பதினொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். படங்களைத் தேர்ந்தெடுத்தேன். பதினொன்றிலும் பச்சை டிக் விழுந்தது.

பிரமு பத்திரிகை வாசிப்பதில்லை என்று நினைத்தேன். இதே வாக்கியத்தை இதற்கு முன்னாலும் ஒருமுறை நினைத்திருக்கிறேன்.

அனுப்பாமலே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். கொடியில் எட்டி எட்டிக் காயப்போட்டேன். கை தாராளமாகப் போகிறது.

செப்டம்பர் 19, செவ்வாய்
வலி: 1.

காகிதங்களை எடுத்துக்கொண்டு பிரமு வீட்டுக்குப் போனேன். சீப்பையும் எடுத்துக்கொண்டேன், போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. "சீப்ப அங்ஙன வச்சா போதும்."

வைத்தேன். காகிதத்தையும் வைத்தேன். "எழுதிருக்கேன். யாருக்கும் அனுப்பல. உங்கிட்டக் கேக்கணும்னு வந்தேன். போன தடவ கேக்காம எடுத்துட்டேன். அது தப்பு. பிரமு, அது தப்பு."

மேடையில் நாற்பது நிமிடம் பேசுகிறவள் இவ்வளவுதான் பேசினேன்.

மிஷின் நின்றது. காகிதத்தை எடுத்தாள். தைக்கிறவள் துணி பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்து, வாசித்தாள். நாலாவது பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"அன்னைக்கு நடந்தத நீ தப்பாத்தான் எழுதிருக்க" என்றாள். "அதுலயும், இதுலயும்."

"எது தப்பு?"

"நீ கதவுகிட்ட நின்ன. பாதிதான் பாத்துருக்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு ஒனக்கு என்ன தெரியும்? நானும் சொன்னது கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது. அழுதாளுவோ, கட்டிப் பிடிச்சாளுவோ, குறியீடுன்னாளுவோ. ஒருத்தி கேக்கல."

"இப்பம் கேக்கேன்" என்றேன்.

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். சொன்னாள். முக்கால் மணி நேரம் இருக்கும். குழந்தை பிறந்த நாளிலிருந்து அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தது வரை.

அதை இங்கே எழுதவில்லை. மல்லிகை எத்தனை முழம் என்பதைக்கூட.

கிளம்பும்போது காகிதங்களை அவளே எடுத்து, அளவு நோட்டுகள் வைத்திருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். வேற எங்கயும் இருக்கா?"

"இல்ல" என்றேன்.

செப்டம்பர் 20, புதன்

போனில் பதினொரு படங்கள் இருந்தன.

காலை முழுவதும் இருந்தன. இவ்வளவு நல்ல எழுத்து, எதற்கும் ஒரு நகல் இருக்கட்டுமே, யாருக்கும் காட்டாமல் நான் மட்டும் வைத்துக்கொள்கிறேனே என்றெல்லாம் ஓர் எழுத்தாளர் என்னிடம் வாதாடிக்கொண்டிருந்தார். நாலாவது பக்கத்தை மட்டும் அழித்தால் போதாதா என்று பேரம் பேசினார். மத்தியானம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிவிட்டு, பதினொன்றையும் அழித்தேன். 'சமீபத்தில் அழித்தவை' என்று ஓர் இடத்தில் முப்பது நாள் வைத்திருக்குமாம். நான் திரும்பி வருவேன் என்று போனுக்கே தெரிந்திருக்கிறது. அங்கேயும் போய் அழித்தேன்.

தீபாவளி மலருக்கு, கை வலி, எழுத முடியவில்லை என்று செய்தி அனுப்பினேன். வலி: 0.

செப்டம்பர் 22, வெள்ளி

பிரமு தைத்த ஜாக்கெட். கை உருளை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஊர் சொன்னது சரிதான்.

'வலியும் படைப்பும்'. நாற்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள், பதினைந்து நிமிடம் பேசினேன். ஃப்ரோஸன் ஷோல்டர் வந்தால் ஜாக்கெட் போட முடியாது என்பதையும், ஆறு வார வலியில் நான் எழுதியது ஒரு வரி, அதையும் அடித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். துறைத்தலைவர் சிரிக்கவில்லை.

கேள்வி நேரத்தில் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஒல்லி, பெரிய கண்ணாடி. "மேடம், 'ஒரு முழம்' உங்க சொந்த அனுபவம்தானே?"

வழக்கமாக இங்கேதான் நிறுத்துவேன்.

"இல்லம்மா" என்றேன். "எனக்கு அப்படி எதுவும் நடக்கல. இன்னொருத்தருக்கு நடந்தது. அவங்ககிட்டக் கேக்காம எழுதினேன். கேட்டிருந்தா அந்தக் கதையே இருந்திருக்காது. இருந்திருக்கவும் வேண்டாம்."

அந்தப் பெண் உட்காராமல் நின்றாள். "அப்போ மல்லிகை எதன் குறியீடுங்கிற பத்து மார்க் கேள்விக்கு நாங்க என்ன எழுதுறது மேடம்?"

கைதட்டல், சிரிப்பு. பாடத்திலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடுங்கள் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம்தான் முடியுமாம். இந்த வருடப் பிள்ளைகள் குறியீட்டை எழுதியாக வேண்டும்.

இன்று யாரும் என் கையைப் பிடித்து அழவில்லை. சால்வை போட்டார்கள். போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன், தூக்க முடிந்தது.

செப்டம்பர் 23, சனி
வலி: 0. உயரம்: தலைக்கு மேலே. டேப் போதவில்லை.

ஏழே கால். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

பிரமு உள்ளே வந்தாள். நேற்று நானே போட்டிருந்த பின்னலைப் பார்த்து, துணியில் கோணல் தையல் கண்டவள்போல முகத்தைச் சுளித்தாள். சுவரில் கரப்பான் பூச்சியின் கறை இன்னும் இருந்தது. அதையும் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பையிலிருந்து சீப்பை எடுத்தாள்.

"கைதான் நல்லாயிட்டுல்லா" என்றாள்.

"முன்னால எட்டுது. பின்னால எட்டல" என்றேன்.

"எட்டும். எனக்குத் தெரியும். திரும்பு."

திரும்பி உட்கார்ந்தேன்.